கறுப்பு வெள்ளையில் தெரியாத சிவப்பு

"லாயத்தில் கேமரா மாட்டியாச்சு, இந்த வருஷம் நிம்மதியாத் தூங்கலாம்." சினைக்குதிரை வைத்திருப்பவர்கள் ஈற்றுக்காலம் தொடங்கும்போது சொல்கிற இந்த ஒரு வாக்கியம் பல நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. தப்பு என்று ஒரேயடியாக ஒதுக்கவும் முடியவில்லை. கேமரா இருந்ததால் பிழைத்த குட்டிகள் உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. உறுத்துவது அந்த 'தூங்கலாம்'தான். கேமரா கண்ணுக்குத் துணையே தவிர காலுக்கும் கைக்கும் துணை இல்லை. குதிரை ஈனும் இரவில் கடைசியில் வேலை செய்வது காலும் கையும்தான்.

மாடு ஈனுவதைப் பார்த்து வளர்ந்த நமக்குக் குதிரையின் அவசரம் முதலில் பிடிபடாது. பசுவுக்குப் பனிக்குடம் உடைந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். இளங்கொடி விழ அரை நாள் ஆனாலும் வீட்டில் யாரும் பதறுவதில்லை. பசுவின் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் பொத்தான் பொத்தானாகப் பிடித்திருக்கும். கன்று வெளியே வருகிறவரை அந்தப் பிடிப்புகள் சட்டென்று விடுவதில்லை, கன்றுக்கு உயிர்க்காற்று போய்க்கொண்டிருக்கும். குதிரையின் நஞ்சுக்கொடி அப்படியல்ல. வெல்வெட் துணியை ஒட்டவைத்ததுபோல் கருப்பை முழுக்க மெல்லிசாகப் பரவியிருக்கும், பிரசவம் வேகமெடுத்தால் பிடிப்பும் சீக்கிரம் விட்டுப்போகும். அதனால்தான் பனிக்குடம் உடைந்ததிலிருந்து குட்டி வைக்கோலில் விழுவதற்கு 20 முதல் 30 நிமிடம்தான் கணக்கு. 40 நிமிடத்தைத் தாண்டினால் குட்டியின் உயிருக்கு ஆபத்து வேகமாகக் கூடும். இளங்கொடியும் 3 மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் கருப்பையில் கிருமி பெருகி, அந்த நஞ்சு ரத்தத்தில் ஏறி, குளம்புவரை போய்த் தாயை நிரந்தர நொண்டியாக்கவும் கூடும்.

இதில் இன்னொரு சிக்கல், குதிரை தனியாக இருக்கும்போதுதான் ஈன விரும்பும். 1967இல் பீட்டர் ராஸ்டேலும் ரோஜர் ஷார்ட்டும் பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனத்துக் குதிரைகள் 501இன் ஈற்று நேரத்தைக் குறித்து வெளியிட்டார்கள். ராஸ்டேல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் கால்நடை மருத்துவர். அந்தக் கணக்கில் 86 சதவீதம் குதிரைகள் இரவு 7 மணிக்கும் காலை 7 மணிக்கும் நடுவில் ஈன்றிருந்தன. தற்செயலாக அப்படி அமைவதில்லை. தரையில் கிடக்கும் நேரத்தில் கொடிய விலங்கு வந்தால் ஓட முடியாது என்ற பயம் அந்த இனத்தின் உடம்பில் ஊறியிருக்கிறது. வலி தொடங்கும் முதல் கட்டத்தில் யாராவது அடிக்கடி கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், தாய் வலியை அடக்கிக்கொண்டு மறுநாள் இரவுக்குத் தள்ளிவிடும். அதற்குத்தான் கேமரா. பனிக்குடம் உடைகிறவரை மனிதரை லாயத்துக்கு வெளியே நிறுத்திவைப்பது, உடைந்த நொடியில் உள்ளே அனுப்புவது, இந்த இரண்டுதான் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியவை.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தை வைத்துப் பேசுவது வசதி. தரோபிரெட் பண்ணைகள் லெக்சிங்டன் ஊரைச் சுற்றி நெருங்கிக் கிடக்கும் இடம் அது. பந்தயக் குதிரைகளுக்கு அங்கே எல்லாம் ஜனவரி 1தான் பிறந்தநாள் என்பதால், குட்டி எவ்வளவு முன்னதாகப் பிறக்கிறதோ அவ்வளவு லாபம் என்று ஜனவரி நடுவிலேயே ஈற்று தொடங்கிவிடும். உறைபனி விழும் பிப்ரவரி இரவுகளில்தான் பாதி வேலை. பெரிய பண்ணைகளில் இரவு முழுக்கக் கொட்டிலிலேயே விழித்திருக்க ஆள் உண்டு. ஒன்றிரண்டு குதிரை வைத்திருக்கும் சின்னப் பண்ணைக்காரர்கள்தான் படுக்கையில் கிடந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

எங்கே மாட்டுவது

ஈனும் அறை குறைந்தது 14 அடிக்கு 14 அடி இருக்க வேண்டும், கீழே கெட்டியாக வைக்கோல். மரத்தூள் வேண்டாம், ஈரக் குட்டியின் மூக்கிலும் தாயின் பிறப்புறுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். கேமராவை மூலையில், 9 அடிக்குக் குறையாத உயரத்தில் மாட்டி, எதிர் மூலையின் தரையைப் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். அதற்குக் கீழே மாட்டினால் குதிரை எட்டிக் கடிக்கும், இல்லாவிட்டால் தலையால் இடித்துத் திருப்பிவிடும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஏறக்குறைய 100 பாகைக் கோணம் கிடைக்கும், இந்த அளவு அறைக்கு அது போதும்.

ஒரு கேமரா போதுமா என்றால், போதாது. கேமராவுக்கு நேர் கீழே எப்போதும் ஒரு குருட்டு மூலை இருக்கும். தாய் அதில் பின்பக்கத்தை வைத்துப் படுத்துவிட்டால் திரையில் தெரிவது தலையும் வயிறும் மட்டும்தான். குதிரைகள் பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் படுக்கின்றன. ஆகவே எதிரெதிர் மூலைகளில் இரண்டு. திருகித் திருப்பும் மோட்டார் வைத்த ஒன்றை வாங்குவதைவிட, அசையாத இரண்டு சாதாரணக் கேமராக்கள் மேல். மோட்டார் கேமராவை மாலையில் யாரோ தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கத் திருப்பியிருப்பார்கள், நள்ளிரவில் அது தொட்டியையே காட்டிக்கொண்டிருக்கும்.

அரைக்கோளக் கண்ணாடி மூடியுள்ள கேமரா லாயத்துக்கு ஆகாது. வைக்கோல் தூசி அந்த மூடியில் படியும், இரவில் கேமராவின் சொந்த அகச்சிவப்பு விளக்கு அந்தத் தூசியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெண்புகையாகிவிடும். குளிரில் குதிரையின் மூச்சு ஆவியும் அதே மூடியில் படிந்து உறையும். லென்ஸும் விளக்கும் தனித்தனிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வகைதான் நல்லது. சிலந்தியை மட்டும் எந்த வகையும் தடுக்காது. கேமராவின் இளஞ்சூட்டுக்கும் அதைத் தேடி வரும் பூச்சிக்கும் சிலந்தி வந்து லென்ஸுக்குக் குறுக்கே வலை பின்னும். அகச்சிவப்பு வெளிச்சத்தில் ஒரே ஒரு நூலிழைகூட வெள்ளைக் கயிறு மாதிரி தெரியும். தினமும் சாயங்காலத் தீவனம் வைக்கும்போது ஒரு நீளக் கழியில் மென்துணி சுற்றித் துடைத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

சிவப்புப் பை

இனிதான் மனதை அரித்த விஷயம். முறையாக நடக்கும் ஈற்றில் முதலில் பனிக்குடம் உடைந்து, வாளி வாளியாக நீர் கொட்டும். ஐந்து நிமிடத்துக்குள் நீலம் கலந்த வெள்ளைப் பை, பளபளப்பாக, ஈரக் கண்ணாடித்தாள் மாதிரி வெளியே எட்டிப்பார்க்கும். அதற்குள் இரண்டு முன்னங்கால் குளம்புகள், ஒன்று மற்றதைவிட ஒரு சாண் அளவுக்குக் குறைவாக முந்திக்கொண்டு. முழங்காலுக்கு மேல் சாய்ந்தபடி மூக்கு.

சில நேரம் இந்த வரிசை தலைகீழாகிறது. உடைய வேண்டிய வெளிப்பை உடைவதில்லை. அது கருப்பைச் சுவரிலிருந்து முழுசாகப் பிய்ந்து, குட்டிக்கு முன்னால் தானே வெளியே வருகிறது. வெளியே தெரிவது வெள்ளை அல்ல, கருஞ்சிவப்பு. ஈரமான வெல்வெட் போலிருக்கும், நடுவில் நட்சத்திர வடிவில் வெளிறிய தழும்பு ஒன்று தெரியலாம். அந்த நிமிடம் குட்டிக்குத் தாயிடமிருந்து வரும் உயிர்க்காற்று நின்றுபோயிருக்கிறது, மூக்கோ இன்னும் திரவத்துக்குள். பிள்ளை கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாம். மருத்துவருக்குப் போன் போட்டு வரவழைக்கும் அவகாசம் இதில் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் கத்தரிக்கோலால் பையை வெட்டி இழுத்தால்தான் உண்டு.

கென்டக்கியில் இதைப் பற்றி அதிகம் பேசுவதற்குக் காரணம் அந்த மண்ணின் புல். 1943இல் அந்த மாநிலம் வெளியிட்ட 'கென்டக்கி 31' என்ற ஃபெஸ்க்யூ புல் மேய்ச்சல் நிலமெல்லாம் பரவிக்கிடக்கிறது. புல்லுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பூஞ்சை அதற்கு வறட்சியைத் தாங்கும் வலு கொடுக்கிறது, சினைக்குதிரைக்கோ நஞ்சு கொடுக்கிறது. அதைத் தின்ற தாய்க்கு நாள் தள்ளிப்போகும், நஞ்சுக்கொடி தடித்துக் கெட்டிப்படும், சிவப்புப் பை வரும், பால் சுரக்காது. ஈற்றுக்கு 30 முதல் 60 நாள் முன்பே அந்தப் புல்லிலிருந்து தாயை மாற்றிவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். முடியாதபோது டோம்பெரிடோன் மருந்தைக் கொடுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். 2001 வசந்தத்தில் அந்தப் பகுதியில் கம்பளிப்பூச்சிகள் பெருகி, அவற்றை மேய்ச்சலோடு தின்ற குதிரைகள் கூட்டம் கூட்டமாகக் கருவை இழந்தன. நிறைமாதத்தில் இருந்தவற்றுக்குச் சிவப்புப் பையோடு குட்டிகள் வந்தன.

புல்லின் நஞ்சுக்கும் கேமராவுக்கும் நேர்த் தொடர்பு ஒன்று இருக்கிறது. மடி இறங்குவதையும், காம்பில் மெழுகுத்துளி கட்டுவதையும் வைத்துத்தான் நாம் நாள் குறிக்கிறோம். ஃபெஸ்க்யூ தின்ற தாய்க்கு மடியே இறங்காது. மடி சும்மா இருக்கிறதே, இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று கேமராவை அணைத்துவிட்டுப் படுப்பார்கள். சிவப்புப் பை வர அதிக வாய்ப்புள்ள தாய்தான் எந்த அடையாளமும் காட்டாமல் ஈனுகிறது. அப்படிப்பட்ட மேய்ச்சலில் இருந்த தாய்க்குச் சினையின் 320ஆம் நாளிலிருந்து மடியை மறந்துவிட்டு நடத்தையை மட்டும் பார்க்க வேண்டும்.

இப்போது இரவு இரண்டு மணி. தாய் படுத்து முக்குகிறது. வாலுக்குக் கீழே ஏதோ ஒன்று உருண்டையாகத் தெரிகிறது. படம் கறுப்பு வெள்ளை. அது வெள்ளையா, சிவப்பா?

சொல்ல முடியாது. இதை ஒத்துக்கொள்ளாமல் கேமராவைப் பற்றி என்ன பேசினாலும் அரைகுறைதான். இருட்டில் கேமரா 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை வீசி அதைத்தான் பார்க்கிறது. ரத்தம் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவது அது பச்சை, நீல ஒளியை விழுங்குவதால். 850இல் அந்த விழுங்கல் மிகக் குறைவு. அதனால் கருஞ்சிவப்பு வெல்வெட்டும் வெளிர் சாம்பல், வெள்ளைப் பையும் வெளிர் சாம்பல். வெள்ளைப் பைக்குப் பளபளப்பு அதிகம், வெல்வெட்டுக்கு மங்கல் என்று சொல்வார்கள். நேரில் பார்த்தால் சரிதான். ஆனால் வழவழப்பான திரவத்தில் நனைந்த எதுவும் அகச்சிவப்பு விளக்கில் பளபளக்கும். எவ்வளவு விலை கொடுத்து, எத்தனை மெகாபிக்சல் வாங்கினாலும் நிறம் போன பிறகு நிறத்தைக் கொண்டுவர முடியாது. மனிதர்கள் பகல் நேரத்தில் படத்தைப் பார்த்து, அழகாகத் தெரிகிறதே என்று திருப்திப்படுகிறார்கள். குட்டி வருவதோ இருட்டில்.

மெரூன் துணியும் வெள்ளைத் துண்டும்

இதற்கு வைத்தியம் இருக்கிறது, செலவும் அதிகமில்லை. தாயை அந்த அறைக்கு மாற்றுவதற்கு முன், ஒரு பழைய மெரூன் நிறத் துணியையும் ஒரு வெள்ளைத் துண்டையும் தண்ணீரில் நனைத்து, வைக்கோல் மேல் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். இரவு எல்லா விளக்கும் வழக்கம்போல் அணைந்த பிறகு, படுக்கையில் இருந்தபடி போனில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தால் அந்த அமைப்பு பிரசவத்துக்குத் தயாராகவில்லை. இந்தச் சோதனையை இரவு 8 மணிக்குச் செய்தால் போதாது, அதிகாலை 2 மணிக்கும் ஒருமுறை செய்ய வேண்டும். நடைபாதை விளக்கு, நிலா, பக்கத்து வீட்டு வெளிச்சம் என்று 8 மணிக்கு உதவிய எதுவும் அப்போது இருக்காது.

சரிசெய்வதற்கு, நடைபாதையில் அறைக்கு வெளியே, உயரமாக, மஞ்சள் சாயலுள்ள 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை இரவு முழுக்க எரியவிடலாம். நேராகக் கண்ணில் அடிக்காமல் கூரையில் பட்டுச் சிதறி விழுந்தால் நல்லது. ஈற்றுக்கு இரண்டு வாரம் முன்பே எரியத் தொடங்கிவிட்டால் தாய்க்குப் பழகிவிடும், தொந்தரவாக நினைக்காது. அடுத்து கேமராவின் அமைப்பில் பகல்-இரவு என்ற இடத்தைத் தேடி, 'தானியங்கி'யிலிருந்து 'நிறம்' என்று நிரந்தரமாக மாற்ற வேண்டும். தானியங்கியில் விட்டால் ஒரு மேகம் வந்தாலும் அது கறுப்பு வெள்ளைக்குத் தாவிவிடும். அகச்சிவப்பு விளக்கையும் அணைத்துவிடலாம். மங்கல் வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக வந்தால் ஷட்டர் வேகத்தை நொடியில் பதினைந்தில் ஒரு பங்குவரை குறைக்கலாம். கொஞ்சம் இழுவை தெரியும், நிறம் காப்பாற்றப்படும். பெரிய உணரியும் அகலத் திறக்கும் லென்ஸும் உள்ள 'குறையொளி' வகைக் கேமரா வாங்க வசதி இருந்தால் பல்பு இன்னும் மங்கலாக இருந்தாலும் போதும்.

குளிர் ஊர்களில் ஒரு பொறி இருக்கிறது. குட்டிக்குச் சூடு வேண்டும் என்று சிவப்பு வெப்ப விளக்கைத் தொங்கவிடுவார்கள். அந்தச் சிவப்பில் வெள்ளைத் துண்டும் சிவப்பாகும், கேமரா அதைச் சரிக்கட்டப் பார்த்து நிறத்தை இன்னும் குழப்பும். வெப்ப விளக்கு குட்டி பிறந்த பிறகு எரியட்டும், அதற்கு முன் வேண்டாம். வைக்கோல் கொட்டிலில் தீப்பிடிக்கும் ஆபத்தும் அதில் இருப்பதால், பிறந்த பிறகும் ஆள் பக்கத்தில் இல்லாமல் எரியவிடக் கூடாது.

நிறமே கிடைக்காத நிலையிலும் ஒரு அடையாளம் உதவும். சிவப்புப் பையில் நீர் கொட்டுவதில்லை, ஏனென்றால் உடைய வேண்டியது உடையவில்லை. தாய் பலமாக முக்குகிறது, வாலடியில் உருண்டை தெரிகிறது, நீர் கொட்டியதைப் பார்க்கவும் இல்லை கேட்கவும் இல்லை என்றால், திரையில் ஆராய்ந்துகொண்டிருக்காமல் கத்தரிக்கோலோடு ஓட வேண்டும். கேமராவில் மைக் இருப்பது இங்கே பெரிய உதவி. வைக்கோல் நீரை உறிஞ்சிவிடும், கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் சளக்கென்று நீர் விழும் சத்தம் காதில் விழும். பக்கத்தில் மின்விசிறி ஓடினால் இதுவும் போய்விடும்.

உறைந்த படம்

லாயத்தின் தகரக் கூரையும் தகரச் சுவரும் வைஃபையை விழுங்கிவிடும். வீட்டிலிருந்து கொட்டில் 100 மீட்டருக்குள் இருந்தால் கேட்-6 என்ற இணையக் கேபிள் ஒன்றை இழுத்து, அதிலேயே மின்சாரமும் தரவும் போகும்படி செய்வதுதான் நம்பகமானது. அதைவிடத் தூரம் என்றால் கண்ணாடியிழைக் கேபிள், அல்லது இரண்டு கூரைகளுக்கு வெளியே ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் ஆன்டெனா ஜோடி. கண்ணாடியிழையில் மின்னல் பாயாது என்பது கூடுதல் நன்மை. எலி கடிக்காமல் இருக்க லாயத்துக்குள் கேபிளை உலோகக் குழாய்க்குள்தான் ஓட்ட வேண்டும். குதிரை மூத்திரத்தின் அம்மோனியா இணைப்புகளைக் கரித்துவிடுவதால் ஒவ்வொரு முனையிலும் மின்காப்புப் பசை தடவ வேண்டும். கேமராவுக்கு மட்டும் யு.பி.எஸ் வைத்துவிட்டு வீட்டு ரவுட்டரை மறந்துவிடுகிறவர்கள் அதிகம், இரண்டுக்கும் வேண்டும்.

ஆனால் இணைப்பு அறுந்தால் தெரிந்துவிடும், திரை கறுத்துவிடும். அதைவிட மோசமானது அறுந்ததே தெரியாமல் இருப்பது. பல செயலிகள் இணைப்பு நின்றதும் கடைசிப் படத்தை அப்படியே பிடித்துவைத்துக் காட்டும். அமைதியாக நிற்கும் குதிரையின் உறைந்த படத்துக்கும், உண்மையிலேயே அமைதியாக நிற்கும் குதிரைக்கும் தூக்கக் கலக்கத்தில் வித்தியாசம் தெரியாது. படத்தின் மேல் நொடியோடு ஓடும் கடிகாரத்தைப் போட்டுவிட வேண்டும், ஒவ்வொரு முறையும் குதிரையைப் பார்ப்பதற்கு முன் நொடி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சில செயலிகளில் அந்தக் கடிகாரத்தைப் போனே போடும், அது படம் நின்றாலும் ஓடும். அதனால் கேமராவே படத்தில் பதிக்கும் கடிகாரம்தானா என்று கேபிளைப் பிடுங்கிச் சோதித்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதற்குக் கணக்கு எளிது. மொத்த ஈற்றே அரை மணி நேரம். மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்தால் குட்டி பிறந்து செத்தும் முடிந்திருக்கும். காம்பில் மெழுகு கட்டிய இரவிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒருவரால் அது முடியாது, இரண்டு பேர் மூன்று மூன்று மணி நேரமாக மாறிக்கொள்ள வேண்டும். பாலின் பி.எச். அளவைத் (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) தாளால் சோதித்து, அது 6.4க்குக் கீழே இறங்கினால் அந்த இரவைக் கூடுதல் கவனத்தோடு காக்கலாம். அலாரக் கருவிகளும் உண்டு. பிறப்புறுப்பின் உதடுகளில் தைக்கும் காந்தக் கருவி, உதடு விரியும்போது கூப்பிடும், ஆனால் குட்டி குறுக்கே மாட்டி எதுவுமே வெளியே வராவிட்டால் அது மௌனமாகவே இருக்கும். கழுத்துப்பட்டையில் மாட்டும் கருவி தாய் பக்கவாட்டில் நீட்டிப் படுத்தால் கூப்பிடும், அப்படியே தூங்கும் பழக்கமுள்ள குதிரை உங்களை ஏழு முறை எழுப்பும். அலாரம் எழுப்பட்டும், கேமரா உறுதிப்படுத்தட்டும் என்று இரண்டையும் சேர்த்து வைப்பதே சரி. இரண்டில் ஒன்றை நம்பி மற்றதை விடுவது சரியல்ல.

திரையில் தேட வேண்டிய முதல் கட்ட அடையாளங்கள் சில. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, வாலை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடிப்பது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாணி போடுவது, கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வியர்ப்பது, படுத்துப் படுத்து எழுவது. புரள்வதைக் கண்டு பதற வேண்டாம், மல்லாந்து கிடக்கும் குட்டி நேராகத் திரும்ப அந்தப் புரளல் உதவுகிறது. ஆனால் இதே அடையாளங்கள் வயிற்று வலிக்கும் பொருந்தும். நாலு மணி நேரம் தாண்டியும் அடுத்த கட்டம் வரவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

கதவில் தொங்கும் கத்தரிக்கோல்

படுக்கைக்கும் லாயத்துக்கும் எவ்வளவு தூரம்? உடை மாற்றி, பூட்ஸ் போட்டு, பனியில் நடந்து, கதவைத் திறப்பதுவரை ஒருநாள் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கடைசி வாரத்தில் லாயத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு கட்டிலைப் போட்டுவிடுவதே மேல். எத்தனை நல்ல கேமராவும் இந்த நிமிடங்களைக் குறைத்துத் தராது.

முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று அறைக் கதவிலேயே கயிற்றில் தொங்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தால் இருட்டில் தேட வேண்டிவரும். பக்கத்தில் நெற்றி விளக்கு, கையுறை, வழுக்குப் பசை, சுத்தமான துண்டுகள், நேரம் குறிக்கச் சுண்ணாம்புக்கட்டி. நீர் உடைந்த நேரத்தைக் கதவிலேயே எழுதிவிடுங்கள். பதற்றத்தில் ஐந்து நிமிடம் இருபதாகத் தோன்றும், சில நேரம் இருபது ஐந்தாகவும் தோன்றும்.

சிவப்பு தெரிந்தால், வெல்வெட்டைக் கையால் கிள்ளித் தூக்கி, குட்டியின் கால் படாமல் வெட்டிக் கிழிக்க வேண்டும். உள்ளே வெள்ளைப் பை இருக்கும், அதையும் கிழித்துக் கால்களைத் தேடிப் பிடித்து, தாய் முக்கும்போதெல்லாம் அதன் பின்னங்கால் முட்டியை நோக்கிக் கீழ்வாட்டமாக இழுக்க வேண்டும். இழுக்க ஒருவர், மருத்துவரைக் கூப்பிட இன்னொருவர். வெள்ளை தெரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு குளம்பும் ஒரு மூக்கும் இருக்கிறதா, குளம்பின் அடிப்பாகம் கீழே பார்க்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மேலே பார்த்தால் அது பின்னங்காலாகவோ, மல்லாந்த குட்டியாகவோ இருக்கலாம். ஒரு கால் மட்டும் வந்தாலோ, பத்து நிமிடத்தில் எதுவும் தெரியாவிட்டாலோ, தாயை எழுப்பி மெல்ல நடக்கவைத்து, முக்குவதைத் தணித்துக்கொண்டு மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

தரோபிரெட் குதிரைகள் பலவற்றுக்குக் கிருமி புகாமல் இருக்கப் பிறப்புறுப்பின் மேல்பாதியைத் தைத்திருப்பார்கள். ஈற்றுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே மருத்துவர் அதைப் பிரித்துவிட்டாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கேமராவில் அந்தத் தையல் தெரியாது.

எல்லோரும் அணைத்துவிடும் நேரம்

குட்டி வெளியே வந்ததும் உள்ளே போகாமல் இருப்பதுதான் நல்லது. அதன் பின்னங்கால்கள் இன்னும் தாய்க்குள்ளேயே இருக்கும், தொப்புள்கொடி அறுந்திருக்காது. இருவரும் அப்படியே பத்து, பதினைந்து நிமிடம் கிடக்கட்டும். குட்டி துள்ளும்போதோ தாய் எழும்போதோ கொடி தானே அறுபடும். பிறகு போய்த் தொப்புளை நீர்த்த குளோர்ஹெக்சிடினில், 0.5 சதவீத அளவில், முக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம். ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டில் பால் குடிக்க வேண்டும், மூன்றில் இளங்கொடி விழ வேண்டும். விழுந்த இளங்கொடியைத் தூக்கி எறியாமல் விரித்துப் பார்த்து, நுனி எங்காவது அறுந்து உள்ளே தங்கிவிட்டதா என்று சோதிக்க வேண்டும். 50 கிலோ குட்டிக்கு அது ஐந்தரைக் கிலோ அளவுக்கு இருக்கும். வெகுவாகக் கனத்தால் நோய்க்கு அடையாளம்.

பால் குடிப்பதில் கேமரா ஏமாற்றும். குட்டி மடிக்கடியில் தலையைக் கொடுத்து நிற்பது திரையில் குடிப்பது போலவே தெரியும். காம்பு வாயில் இருக்கிறதா, விழுங்குகிறதா என்பது தெரியாது. அதனால் முதல் குடியை மட்டும் கதவருகே நின்று கண்ணால் பார்த்து, காதால் கேட்டுவிட வேண்டும். சீம்பாலின் காப்புப் பொருளைக் குட்டியின் குடல் முதல் சில மணி நேரம்தான் நன்றாக உறிஞ்சும், ஒரு நாளில் அந்த வாசல் அடைந்துவிடும். 18 மணி நேரம் போல ஆனதும் ரத்தச் சோதனை செய்து, டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் எதிர்ப்பொருள் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் நிம்மதி.

சிவப்புப் பையில் பிறந்த குட்டிக்கு இது போதாது. அது எழுந்து, குடித்து, ஓடி, எல்லாம் சரியாகிவிட்டதென்று நம்பவைக்கும். மூளைக்கு உயிர்க்காற்று குறைந்ததன் விளைவு சில நேரம் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அந்த நாளில்தான் எல்லோரும் களைத்து, கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். அணைக்காமல் மூன்று இரவு ஓடவிட வேண்டும், முன்பு போலவே மாறி மாறிப் பார்க்க வேண்டும். நல்ல குட்டி மணிக்கு ஐந்தாறு முறை எழுந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். மூளை பாதித்துக் குடிப்பதையே மறந்துபோன குட்டி சுவரை ஒட்டிச் சுற்றும், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை நக்கும், காம்பைத் தேடி மடிக்கடியில் நின்றபடியே இருக்கும். தாயின் மடி கனத்துப் பால் தானாகச் சொட்டும், அது குட்டியின் தலையில் விழும். பிறந்த அன்று நெற்றியில் ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத குட்டிக்கு இரண்டாம் இரவு மூன்று மணிக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், அது காய்ந்த பால். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.